ஷன்ட் வைத்தாயிற்று, இனி என்ன?

கேள்வி: 12 ஜூன் 2024
ஏழு மாதப் பெண் குழந்தை. தலைச்சுற்றளவு வேகமாக ஏறுகிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மூளையில் நீர் கோத்திருக்கிறதாம். போன வாரம் அந்த நீரை வடிக்கிற ஷன்ட் என்ற குழாய் வைத்தார்கள், நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். இனி பயமில்லை, எல்லாக் குழந்தைகளையும் போல வளர்ந்துவிடுவாள், இது முடிந்துபோன விஷயம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நாங்கள் திருவொற்றியூர்.

பதில்: 12 ஜூன், இரவு
முடிந்துபோன விஷயம் இல்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

என் தம்பிக்கு மூன்று வயதில் காசநோய்க் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. அது விட்டுப்போன வினைதான் நீர் கோத்தல். இப்போது இருபத்தாறு வயது. பெரம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான், மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு மாத்திரை வாங்குகிறான். அவன் உடம்பில் இப்போது இருப்பது முதலில் வைத்த குழாய் இல்லை. உங்கள் பெண்ணும் வளர்வாள், பள்ளிக்கூடம் போவாள், உங்களை எதிர்த்துப் பேசுவாள். ஆனால் ஷன்ட் நோயைக் குணமாக்குவதில்லை. தேங்குகிற நீருக்கு வேறு வழி விடுகிறது, அவ்வளவுதான். அந்த வழி அடைக்கலாம், உடையலாம், கிருமி பிடிக்கலாம். குழந்தைகளுக்கு வைக்கிற ஷன்ட்டில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு வருடத்துக்குள் ஏதாவது கோளாறாகி மறுபடி அறுவைக்குப் போகிறது. வசதியான நாடுகளிலும் இதுதான் நிலைமை. டிஸ்சார்ஜ் அன்று இதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. முதல் தடவை அடைத்தபோது, தலைவிதி என்று அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

13 ஜூன்
குழாய் எங்கே போகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் மூளையில் இந்த நீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சுரக்கிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருப்பதோ 150 மில்லி அளவுதான். பழையது ரத்தத்தோடு கலந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும், புதியது வந்துகொண்டே இருக்கும். போகிற பாதை அடைத்தாலும் சுரப்பது நிற்காது. மேல்தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிற கதை. ஷன்ட்டின் ஒரு முனை மூளையின் நீர் அறையில் இருக்கும். காதுக்குப் பின்னால் புடைப்பாகத் தொடுபடுவது வால்வு. அங்கிருந்து குழாய் தோலுக்கு அடியிலேயே கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே வடிகிற நீரை வயிற்றின் உள்சவ்வு உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். குழந்தை உயரமாகும் என்பதற்காகக் கொஞ்சம் நீளம் அதிகமாக விட்டுத்தான் வயிற்றில் சுருட்டி வைப்பார்கள்.

கைக்குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை. அதனால் அழுத்தம் ஏறினால் முதலில் தலைதான் பெருக்கும். உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள், படுத்திருக்கும்போதோ அழும்போதோ வேண்டாம். நிமிர்த்திப் பிடித்து, அமைதியாக இருக்கும்போது தொட்டால் விம்மியிருக்கக் கூடாது. கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, பால் குடிக்க மறுப்பது, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். அறுவை முடிந்த முதல் ஆறு மாதத்தில் காய்ச்சல் வந்தாலோ, குழாய் போகிற வழியில் தோல் சிவந்தாலோ தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். ஷன்ட் வைத்த இடத்துக்கே போங்கள். தொற்று வந்தால் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகிறது.

14 ஜூன்
எண்ணெய்க் குளியல் பற்றி. தையல் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தலையில் எண்ணெய் வேண்டாம். அப்புறம் தாராளமாக வைக்கலாம், ஆனால் பாட்டிமார்கள் உச்சியில் வைத்து அரக்கித் தேய்ப்பது போல வால்வின் மேல் தேய்க்கக் கூடாது.

எங்கள் ஆயா அந்தப் புடைப்பை தினமும் அமுக்கிப் பார்ப்பார். அமுங்கி எழும்பினால் நன்றாக வேலை செய்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது நம்பகமான சோதனை இல்லை. அடைத்த ஷன்ட்டும் அமுங்கி எழும்பலாம், நன்றாக வேலை செய்வதும் மெதுவாக எழும்பலாம். டாக்டர் சொல்லாமல் யாரும் அமுக்க வேண்டாம்.

மொட்டை, காது குத்து இரண்டையும் தள்ளிப்போடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. தம்பிக்குத் தாமதமாகத்தான் மொட்டை போட்டோம். கத்தி வைப்பதற்கு முன்னால் மொட்டை போடுகிறவர் விரலைப் பிடித்துப் புடைப்பின் மேல் வைத்துக் காட்டினார் அப்பா. அந்த மனிதர் அந்த இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மழித்தார்.

15 ஜூன்
மலிவான ஷன்ட் வைத்துவிட்டார்களோ என்று ஒரு அப்பா கவலைப்பட்டிருக்கிறார். இந்தக் குற்றவுணர்வை நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன். உத்தரப்பிரதேசம் ஷாஜஹான்பூரில் செய்கிற சாப்ரா ஷன்ட்டையும் வெளிநாட்டு ஷன்ட் ஒன்றையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப். 2005ல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் குறை வைக்கவில்லை. தூங்குங்கள்.

20 ஜூன்
ஷன்ட் இருந்தால் ஆயுசுக்கும் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. இதை நம்பி யாராவது தேவையான ஸ்கேனைத் தவிர்த்துவிடப் போகிறார்கள். வால்வில் இரண்டு வகை உண்டு. அழுத்தம் மாறாமல் ஒரே நிலையில் இருப்பது ஒன்று, வெளியிலிருந்து காந்தத்தால் அளவை மாற்றக்கூடியது இன்னொன்று. இரண்டாவது வகையில் எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் சிலவற்றில் அளவை மாற்றிவிடும். அதனால் ஸ்கேனுக்குப் பிறகு அளவைச் சரிபார்க்க வேண்டும். எடுக்கவே கூடாது என்பதில்லை. பெரிய ஸ்பீக்கர், காந்தம் வைத்த டேப்லெட் உறை போன்றவற்றைக் காதோடு ஒட்டி வைக்காமல் இருப்பதும் அந்த வகைக்காரர்களுக்குத்தான். உங்கள் வால்வு எது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பெட்டியில் வருகிற ஸ்டிக்கரை ஒட்டித் தரச்சொன்னால் இன்னும் நல்லது.

2 ஜூலை
அவசரப் பிரிவில் எப்படிப் பேசுவது என்று கேட்டவருக்கு. இது நீளமாகப் போகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் தம்பிக்குக் காலையில் தலைவலி, வாந்தி. முந்தின இரவு பரோட்டா சாப்பிட்டிருந்தான். பித்தம் என்று அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். மத்தியானம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் நான் போனேன். தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் தடமெல்லாம் மனப்பாடம். 29சி எந்தெந்த ஸ்டாப்பிங்கில் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை ஒப்பிப்பான். நான் அடையாறு போக வேண்டும், எந்த வண்டி என்று கேட்டேன். "தெரியல" என்றான். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆட்டோ பிடித்துவிட்டேன்.

போன இடத்தில் வயிற்றுக்கோளாறு என்று ஊசி போட்டார்கள். ஷன்ட் இருக்கிறது என்றேன். சரி என்று சிடி ஸ்கேன் எடுத்தார்கள். நீர் அறை பெரிதாகவே இல்லை, நார்மல், வீட்டுக்குப் போங்கள் என்றார் பணியிலிருந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது, அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பல வருடமாக ஷன்ட்டோடு இருக்கிறவர்களுக்கு நீர் அறைகள் சுருங்கிப்போய் இருக்கும். மற்றவர்களுக்கு நார்மலாகத் தெரிகிற அளவு அவர்களுக்கு வீக்கம். சிலருக்கு அறை விரியாமலேகூட அழுத்தம் ஏறும். அவன் நன்றாக இருந்த காலத்தில் எடுத்த ஃபிலிமைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நரம்பு அறுவைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்க்கும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். இரண்டு படங்களையும் விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பேசவே இல்லை. தலை, கழுத்து, மார்பு, வயிறு என்று குழாய் போகிற வழி முழுக்க எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். கழுத்தில் குழாய் விட்டுப்போயிருந்தது. வருடக்கணக்கில் சுண்ணாம்பு படிந்து விறைத்து, கழுத்து திரும்பித் திரும்பி அங்கேயே உடைந்திருக்கிறது. அன்றிரவே மாற்றினார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். அவசரப் பிரிவில் நோயின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். இந்த ஆள் சாதாரண நாளில் எப்படி இருப்பார், இன்று எது மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். "மூன்று மணிக்குமேல் பேச்சு குறைந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, காலையில் எழுந்தவுடன் வலி அதிகம்." இது அங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஷன்ட் அடைப்பு இல்லை என்று நரம்பு அறுவை டாக்டர் சொல்லும்வரை அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஜூலை
நேற்றையதோடு சேர்க்க வேண்டியது. நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஸ்கேன் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். ஃபிலிமை பீரோவுக்கு மேலே சுருட்டிப் போட்டால் சென்னை வெயிலுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குறுந்தகடாகவும் வாங்குங்கள், போனில் படமெடுத்து வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் வீட்டில் ஸ்கேன்களோடு மஞ்சள் பை ஒன்று வாசல் ஆணியில் தொங்குகிறது. அதில் வேறு எதையும் யாரும் வைக்கக் கூடாது, வெங்காயம் உட்பட.

இன்னொன்று, மலச்சிக்கல். கேட்டால் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் நீர் வடிவது குறையும். சிலருக்கு வயிறு சரியானதும் தலைவலியும் சரியாகியிருக்கிறது. கீரை, வாழைப்பழம், தண்ணீர். குடல்வால் அறுவை மாதிரி வயிற்றில் எது செய்வதானாலும் முதலில் ஷன்ட் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

18 ஜூலை
மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, நடை தளர்ந்துவிட்டது, மறதி, பாத்ரூம் போவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது, வயசானால் அப்படித்தான் என்கிறார்கள் என்று மயிலாப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பேச்சு குழந்தைகளிலிருந்து எங்கேயோ போகிறது, பரவாயில்லை, இது முக்கியம்.

அம்மா, கால் எப்படி எடுத்துவைக்கிறார் என்று பாருங்கள். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல, கிளம்பவே முடியாமல், சின்னச் சின்ன அடியாக இழுத்து இழுத்து நடக்கிறாரா? நடை, மறதி, சிறுநீர் மூன்றும் சேர்ந்து வந்தால் முதியவர்களுக்கு வருகிற நீர்க்கோத்தலாக இருக்க வாய்ப்பு உண்டு. கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமோன் ஹக்கீம் இதைக் கண்டறிந்து, 1965ல் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானவர்களோடு சேர்ந்து எழுதினார். பார்க்கின்சன் என்றும் வயோதிக மறதி என்றும் தவறாக நினைக்கப்படுகிற நோய் இது. மருந்தால் சரியாகாது, ஆனால் ஆள் பார்த்துத் தேர்ந்து ஷன்ட் வைத்தால் பலருக்கு நடை திரும்புகிறது. முதலில் முதுகுத்தண்டு வழியாக 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு, முன்பும் பின்பும் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். முன்பு நடந்ததையும் பின்பு நடந்ததையும் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். எல்லா முதியவர்களின் மறதியும் இது இல்லை. ஆனால் நரம்பியல் டாக்டரிடம் காட்டாமலே வயசாகிவிட்டது என்று மூலையில் உட்காரவைப்பது அநியாயம். அவருக்கு எழுபத்திரண்டுதான்.

4 ஆகஸ்ட்
இந்த வால்வை முதலில் யார் செய்தது என்று தம்பிதான் கேட்டான். ஜான் ஹோல்டர் என்று அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கத்து இயந்திரத் தொழிலாளி. டாக்டர் இல்லை. 1955ல் அவருக்குப் பிறந்த மகன் கேசிக்கு இந்த நோய். ஆஸ்பத்திரியில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வால்வு ஏன் முடியாது என்று யோசித்து, பட்டறையில் செய்து பார்த்திருக்கிறார். 1956லேயே மனிதர்களுக்கு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேசி நீண்ட நாள் வாழவில்லை. ஆனால் அந்த வழியில் வந்த வால்வுகள் எத்தனை பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் இருக்கின்றன.

"டாக்டரா இல்லாதவர் செஞ்சதா?" என்று இரண்டு தடவை கேட்டான். கடையில் ஜெராக்ஸ் மிஷின் பழுதானால் திறந்து சரிசெய்கிறவன் இவன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நம் ஊரில் 1950ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். தம்பியைத் தூக்கிக்கொண்டு அப்பா முதலில் ஓடியது அங்கேதான்.

9 செப்டம்பர்
இந்த இழையைத் தம்பி முழுக்கப் படித்துவிட்டான். எனக்கும் அவனுக்கும் இரண்டு நாள் பேச்சு சரியில்லை. அப்புறம் நான் சொல்வதையும் போடு என்றான். அவன் சொன்னபடியே போடுகிறேன்.

"அக்கா எழுதினதுல தப்பு இல்ல. ஆனா எல்லாம் என்னைப் பாத்துக்கறவங்களுக்கா எழுதியிருக்கு. எனக்கு வலி வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும். அன்னிக்குக் காலைலயே தெரியும். சொன்னா அம்மா அழுவாங்க, அக்கா வேலைய விட்டுட்டு ஓடி வரும், ஒரு வாரம் கடைக்கு அனுப்ப மாட்டாங்க. அதனால சொல்லல. சாதாரணத் தலைவலிக்கும் இதே கூத்துன்னா யார் சொல்லுவா? குழந்தைங்க பெருசானா அவங்ககிட்ட கேளுங்க. நெத்தியத் தொட்டுப் பாக்காதீங்க, கேளுங்க."

இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்தேன். கவனிக்கிறவர்தான் கவனிக்க வேண்டும் என்று நான் எழுதியது சின்னக் குழந்தைக்குச் சரி. இவன் வயதுக்காரர்களுக்கு அது பாதிதான். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வலி வந்தால் ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று எனக்கு மெசேஜ் அனுப்புவான். நான் பதறக் கூடாது. இது ஷன்ட் வலியா வெறும் வலியா என்று கேட்பேன், அவன் சொல்வதை நம்புவேன். வாந்தியோ தூக்கமோ சேர்ந்தால் மட்டும் அவன் பேச்சைக் கேட்காமல் கிளம்பிவிடுவோம், ஏனென்றால் அந்த நிலையில் அவனால் சரியாகச் சொல்ல முடியாது. அதை அவனே ஒத்துக்கொண்டான். ஹெல்மெட் வால்வின் மேல் அழுத்துகிறது, உள்பஞ்சு வேறு மாதிரி வேண்டும் என்பதையும் இந்தப் பேச்சில்தான் முதல்முறை சொன்னான். வருடக்கணக்காக வலித்திருக்கிறது.

11 செப்டம்பர்
கல்யாணம் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். அது அவன் விஷயம், நான் எழுதப் போவதில்லை. பரம்பரையா என்பதற்கு மட்டும் பதில்: பெரும்பாலும் இல்லை. காசநோயாலோ, குறைப்பிரசவத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்தோ வந்தது பிள்ளைக்குப் போகாது. ஆண் குழந்தைகளுக்கு வருகிற அரிதான மரபணு வகை ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு வந்திருந்தால் மரபியல் டாக்டரைப் பாருங்கள்.

30 நவம்பர்
புயல் மழை. கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போகவே நினைக்காதீர்கள் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஷன்ட் இருக்கிறவர் வீட்டில் இருந்தால் மேம்பாலம் வழியாகவே போகிற பாதையை இப்போதே யோசித்துவையுங்கள். போனை முழுக்க சார்ஜ் போடுங்கள். ஸ்கேன் இருக்கிற பையை பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். தலைவலி என்று சொன்னால் தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.

இரவு
தம்பி நன்றாக இருக்கிறான். மிக்சர் கேட்கிறான்.

16 ஜனவரி 2025
திருவொற்றியூர் தங்கச்சி எழுதியிருக்கிறாள். குழந்தைக்கு நடுவில் ஒரு தடவை அடைத்திருக்கிறது. பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு அன்றே கொண்டுபோய்விட்டார்களாம். சரிசெய்துவிட்டார்கள். படித்தவுடன் அழுதுவிட்டேன். இப்போது பதினான்கு மாதம், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இன்னும் நடக்கவில்லை.

காப்பீடு, சான்றிதழ், பயிற்சி பற்றி அவள் கேட்டவற்றுக்கு: குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த அறுவை வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இந்த நோயின் பெயரில் கிடைக்காது. 2016 சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் இது தனியாக இல்லை. இதனால் கை கால் பலவீனமோ, பார்வைக் குறையோ, அறிவு வளர்ச்சியில் தாமதமோ இருந்தால் அதற்குத்தான் சதவீதம் பார்ப்பார்கள். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அவளுக்கு இப்போது அதைவிட அவசரம் பயிற்சி. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இயன்முறை, பேச்சு, விளையாட்டு வழிப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். திருவொற்றியூரிலிருந்து அது ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், தெரியும். முதல் தடவை போய் என்ன பயிற்சி வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டால், தினப்படி செய்வதை வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். போகும்போது அறுவைச் சம்மரி, இரண்டு ஸ்கேன்களும், தலைச்சுற்றளவு எழுதின நோட்டும் எடுத்துப்போங்கள். முதல் பஸ்ஸிலேயே கிளம்புங்கள், பிள்ளை தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தால்தான் சொன்னதைச் செய்வாள்.